முகத்துவாரம் இல்லாத நீர்நிலை

பழவேற்காட்டு ஏரியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வலுத்து, தெற்கே ஆரணியாறும் மேற்கே காளங்கியும் வடக்கே சுவர்ணமுகியும் கலங்கல் வெள்ளத்தைக் கொண்டுவந்து கொட்டும்போது, ஆறுகள் வந்து விழும் இடங்களை அடுத்த பகுதிகளில் அதன் ஜலம் ஏறக்குறைய நன்னீராகவே ஆகிவிடுகிறது. மழை ஓய்ந்து, ஆறுகள் வறண்டு, ஓர் ஆள் உயரத்துக்கும் ஆழம் குறைந்த அந்தப் பரந்த நீர்ப்பரப்பைச் சித்திரை, வைகாசி வெயில் காய்ச்சத் தொடங்கிய பிறகோ, லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பைக் கொண்ட சமுத்திர ஜலத்தையும் மிஞ்சிய உவர்ப்பை அதே ஏரியின் சில பகுதிகள் அடைகின்றன. இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்ததாக வைத்து எண்ணப்படும் இந்த நீர்நிலை, இவ்வாறு ஆண்டுதோறும் ஆற்றின் இயல்பிலிருந்து கடலின் இயல்புக்கும், கடலின் இயல்பிலிருந்து மீண்டும் ஆற்றின் இயல்புக்கும் மாறிக்கொண்டே இருக்கிறது.

இத்தனை மாறுதல்களுக்கிடையிலும் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் அந்த ஏரியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களின் மீனவக் குடும்பங்கள் அவற்றைக் கொண்டே ஜீவனம் நடத்துகின்றன. ஆனால் அதே கரையிலுள்ள ஒரு வீட்டின் கூடத்தில், ஐம்பது அல்லது நூறு லிட்டர் நன்னீர் கொண்ட கண்ணாடித் தொட்டியில், உப்பின் ஏற்றமோ வெள்ளத்தின் வேகமோ பகைமீனின் பயமோ எதுவுமின்றிப் பேணப்படும் தங்கமீனும் மோலியும், வாங்கி வந்த சில வாரங்களுக்குள், கண்ணுக்குப் பளிங்குபோல் தெளிந்திருக்கும் நீரிலேயே மாண்டு மிதப்பதுண்டு. மாறிக்கொண்டேயிருக்கும் நீரில் மீன் பிழைக்கிறது. மாறாததுபோல் தோன்றும் நீரில் மீன் மடிகிறது. இந்த முரண்பாட்டின் காரணத்தைப் பொறுமையாக ஆராய்வோமானால், நீரின் ரசாயனம் நிலைத்திருப்பது என்றால் உண்மையில் என்ன என்பது நமக்குத் தெளிவாகும்.

ஏரியின் ஜலம் நிலைபெற்று நிற்பது, அது மாறாமல் இருப்பதனால் அன்று. அதற்கு வரவும் உண்டு, செலவும் உண்டு என்பதனால்தான். ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவுக்குத் தெற்கே பழவேற்காட்டு ஊரை ஒட்டியுள்ள முகத்துவாரத்தின் வழியே கடலின் ஏற்றம் புதுநீரை உள்ளே செலுத்துகிறது. வற்றம் பழைய நீரையும், அதனோடு கழிவையும் வண்டலையும் வெளியே இழுத்துச் செல்கிறது. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் குவிந்து முகத்துவாரம் அடைபட்டுப் போகும் காலங்களில், ஏரி வளம் குன்றுவதையும், கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வருவது நின்றுபோவதையும் அக்கரையின் மீனவர்கள் எந்த ஆராய்ச்சிக் கூடத்தின் துணையுமின்றி நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். ஆதலால்தான் முகத்துவாரத்தைத் தூர்வாரித் திறந்துவைக்க வேண்டும் என்பது அவர்களுடைய ஓயாத கோரிக்கையாக இருந்து வந்திருக்கிறது. வீட்டிலுள்ள கண்ணாடித் தொட்டியோ பிறவியிலேயே முகத்துவாரம் இல்லாத நீர்நிலை. அதில் இட்டது எதுவும் தானாக வெளியேறுவதில்லை. அதில் தீர்ந்துபோனது எதுவும் தானாக வந்து சேர்வதுமில்லை. அதற்கு முகத்துவாரமாக இருக்க வேண்டியது வளர்ப்பவனுடைய கைதான். மீன் வளர்ப்பின் ரசாயனம் முழுவதும் இந்த ஓர் உண்மையின் விரிவுரையே ஆகும்.

மூடிய கண்ணாடிக்குள் ஜீவராசிகள் வாழ முடியும் என்பதை முதன்முதலாக முறைப்படி பரிசோதித்துக் காட்டியவர்களுள் ஒருவர், லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர். அவர் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் மணலும் நீரும் இட்டு, வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டு, இரண்டு சிறு தங்கமீன்களை விட்டார். செடியின் அழுகிய இலைகள் நீரைக் கெடுப்பதைக் கண்டு, அவற்றைத் தின்று தீர்ப்பதற்காக நத்தைகளையும் சேர்த்தார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி உட்கொள்வதும், செடி வெளியிடும் பிராணவாயுவை மீன் சுவாசிப்பதுமாக ஒரு சமநிலை அமைகிறது என்று 1850-ஆம் ஆண்டில் லண்டன் ரசாயனச் சங்கத்தாருக்கு அவர் அறிவித்தார். அது மகத்தான கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. எனினும் வாரிங்டன் கண்டது கண்ணுக்குப் புலனாகும் மூன்று பங்காளிகளை மட்டுமே. அந்தக் கலத்தின் மணலிலும் சுவரிலும் படிந்து, அவருடைய மீன்களை உண்மையில் விஷத்திலிருந்து காத்து நின்ற நாலாவது பங்காளியை அறிந்துகொள்ள உலகம் இன்னும் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான மீன் காட்சிசாலை முதன்முதலாகத் தோன்றியது சென்னைக் கடற்கரையில்தான். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனுடைய முயற்சியால் 1909-இல் அது திறக்கப்பட்டது. நீரின் அமில, க்ஷாரத் தன்மைகளை ஓர் எண்ணால் குறிக்கும் பி.எச். என்ற அளவுமுறையைக் கோபன்ஹேகன் நகரத்துக் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரென்சன் வகுத்ததும் அதே 1909-இல்தான். தொட்டி வந்த ஆண்டும், தொட்டியின் நீரை அளக்கும் கோல் வந்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன. அன்று ஆய்வுக்கூடத்தின் உடைமையாக இருந்த அந்த அளவுகோல், இன்று சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒரு சிறு புட்டிச் சொட்டு மருந்தாகவும், நிறம் மாறும் காகிதமாகவும் எவருக்கும் கிடைக்கிறது. ஆகவே நீரின் தன்மையை அறியாமல் மீன் வளர்ப்பதற்கு இப்போது எவ்விதக் காரணமும் சொல்ல இயலாது.

இனி, தொட்டிக்குள் நாள்தோறும் நடப்பது என்ன என்பதைக் காண்போம். மீன் உண்ணும் தீனியில் புரதம் இருக்கிறது. புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. நாம் நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறோம். மீனோ அதை அம்மோனியாவாகவே, பெரும்பகுதி செவுள்களின் வழியாக, நேரே நீரில் விட்டுவிடுகிறது. எஞ்சிய தீனியும் எச்சமும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது எங்கோ அடித்துச் செல்லப்பட்டு, அளவற்ற நீரில் கரைந்து மறைகிறது. தொட்டியிலோ அது மீனைச் சூழ்ந்தே நிற்கிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் ஒரு சிறு பகுதியே ஆனாலும், விஷவடிவிலுள்ள அம்மோனியா செவுள்களை அரித்து, மீனின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் வன்மை உடையது, அதற்கு நிறமில்லை, மீன் மடியும் அளவிலும் பெரும்பாலும் வாசனையும் தெரிவதில்லை. தெளிந்த நீர் என்பது தூய நீர் ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இந்த விஷத்தை முறிப்பவை, வாரிங்டன் காணாத அந்த நாலாவது பங்காளியாகிய நுண்ணுயிர்கள். அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது வெறும் ரசாயன வினையன்று, உயிர்களின் செயல் என்பதை ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1877-இல் நிறுவினார்கள்; அந்த உயிர்களைப் பிரித்தெடுத்து, ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவதை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்ஜி வினோகிராட்ஸ்கி விளக்கினார். நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் பணியைச் செய்வது, பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்த நைட்ரோபாக்டரன்று, நைட்ரோஸ்பைரா என்ற இனமே என்பது 1998-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த நைட்ரோஸ்பைராவிலேயே சில வகைகள் இரண்டு பணிகளையும் தாமே முடிக்க வல்லவை என்பது 2015-இல் வெளிப்பட்டது. அதற்கான சான்றுகளுள் ஒன்று மீன்வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியிலிருந்தே கிடைத்தது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

இந்த நுண்ணுயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. சாதாரண பாக்டீரியாக்கள் அரை மணிக்கொருமுறை இரட்டிக்கும் இடத்தில், இவற்றுக்கு அரை நாளோ, ஒரு நாளோ, அதற்கு மேலுமோ ஆகிறது. ஆகையால் புதுத் தொட்டியில் முதலில் அம்மோனியா ஏறுகிறது. அதைத் தின்னும் வகை பெருகியபின் அம்மோனியா தணிந்து நைட்ரைட்டு ஏறுகிறது. கடைசியில்தான் நைட்ரைட்டும் தணிந்து, ஒப்புநோக்கத் தீங்கு குறைந்த நைட்ரேட்டு சேரத் தொடங்குகிறது. இந்தக் கிரமம் முற்றுப்பெறப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். தொட்டி வாங்கிய அன்றே பத்து மீன்களை விடுபவர், அவை மூன்றாம் வாரத்தில் மடிவதைக் கண்டு விதியை நோகிறார்; உண்மையில் அந்த மீன்கள் நைட்ரைட்டின் உச்சத்தில் மடிகின்றன. நைட்ரைட்டு செவுள் வழியே இரத்தத்தில் புகுந்து, அதன் சிவப்புப் பொருளைப் பிராணவாயுவை ஏந்த இயலாத பழுப்புப் பொருளாக மாற்றிவிடுவதால், நீரில் பிராணவாயு நிறைந்திருக்கும்போதே மீன் மூச்சுக்குத் தவிக்கிறது. அந்த நேரத்தில் லிட்டருக்கு அரைக் கிராம் அளவில் சாதாரண உப்பைக் கரைத்தால், உப்பின் குளோரைடு நைட்ரைட்டோடு போட்டியிட்டு, அது செவுளில் நுழைவதைத் தடுக்கும். உப்பு சிறிதும் ஆகாத சில கெளிறு இனங்களுக்கும் மென்மையான செடிகளுக்கும் மட்டும் இதை எச்சரிக்கையோடு செய்ய வேண்டும்.

அம்மோனியாவின் விஷம் அதன் அளவை மட்டும் பொறுத்ததன்று என்பது அடுத்துக் கவனிக்கத்தக்கது. நீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஒன்று செவுளை ஊடுருவிச் செல்லும் அம்மோனியா, மற்றொன்று அவ்வளவாக ஊடுருவ இயலாத அம்மோனியம் என்ற மின்னேற்றம் பெற்ற வடிவம். எது எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவை பி.எச். அளவும் உஷ்ணமுமே. நம் ஊர்களில் தொட்டி நீர் சாதாரணமாக எட்டும் 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே விஷவடிவில் இருக்கும், பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஏழுக்கு மேலாகிவிடும். 9 ஆனால் ஏறக்குறையச் சரிபாதியை நெருங்கும். பி.எச். ஒரு படி ஏறுவது பத்து மடங்கு மாறுதல் என்பதை நினைவில் கொண்டால், இந்த வேகம் வியப்பூட்டாது. ஆகவே மீனுக்கு ஆபத்து பி.எச். 7-இலும் இல்லை, 8-இலும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரென்று தாவுவதில்தான் இருக்கிறது.

அந்தத் தாவலைத் தடுத்து நிற்பது நீரிலுள்ள பைகார்பனேட்டு. கார்பனேட்டுக் கடினத்தன்மை என்றும், காரத்தன்மை என்றும் கடைகளில் குறிப்பிடப்படுவது இதைத்தான். அமிலம் உண்டாகும்போதெல்லாம் அதை ஏற்று, தான் கரைந்து, பி.எச். இறங்காமல் தாங்குவது அது. குதிரிலுள்ள நெல்லைப்போல, எடுக்க எடுக்கக் குறையும் இருப்பு அது என்பதைப் பலர் உணர்வதில்லை. குதிர் காலியாகும் நாள்வரை வீட்டில் பஞ்சம் தெரியாததுபோலவே, இந்த இருப்புத் தீரும் நாள்வரை பி.எச். அசைவதில்லை, தீர்ந்த பிறகு சில நாட்களிலேயே அது சரிந்துவிடுகிறது.

இந்த இருப்பைத் தின்பது யார் என்று கேட்டால், நாம் இதுவரை போற்றிய அந்த நுண்ணுயிர்களேதாம். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை அவை நைட்ரேட்டாக மாற்றும்போது உண்டாகும் அமிலம், சுண்ணாம்புக்கல் அளவில் சொன்னால், ஏழு கிராமுக்குச் சற்று அதிகமான காரத்தன்மையைச் செலவழித்துவிடுகிறது. ஒரு சிறு கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி இடுகிறோம் என்றும், அதில் நூற்றுக்கு நாற்பது பங்கு புரதம் என்றும், அதன் நைட்ரஜனில் அறுபது பங்கு அம்மோனியாவாக வெளிவருகிறது என்றும் கொள்வோம். அப்படியானால் நாள்தோறும் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் காரத்தன்மை குறையும், 1.7 மில்லிகிராம் நைட்ரேட்டு கூடும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் காரத்தன்மையோடு தொடங்கிய தொட்டி, நீர் மாற்றப்படாவிட்டால், ஒரு மாதத்தில் 20-ஐ ஒட்டி வந்து நிற்கும். நைட்ரேட்டு 50-ஐத் தாண்டும். ஒரு சிட்டிகைத் தீனி என்று நாம் நினைப்பது நீரின் இருப்பை இப்படித்தான் கரைக்கிறது.

இங்கே அனுபவமுள்ளவர்களையும் வீழ்த்தும் ஒரு கண்ணி இருக்கிறது. மாதக்கணக்கில் நீர் மாற்றாத பழைய தொட்டியில் காரத்தன்மை தீர்ந்து, பி.எச். 6-க்கும் கீழே இறங்குகிறது. அந்த அமில நிலையில் நுண்ணுயிர்களின் வேலை பெரிதும் தடைப்படுவதால் அம்மோனியா சேர்கிறது. ஆனால் அது முழுவதும் தீங்கற்ற அம்மோனிய வடிவில் அடங்கிக் கிடப்பதால் மீன்களும் எப்படியோ பழகி உயிர் வாழ்கின்றன. ஒரு நாள் வீட்டார் தொட்டி அழுக்காயிற்று என்று கருதி, பாதி நீரை இறைத்துவிட்டுப் பி.எச். 8 உள்ள புதுக் கிணற்று நீரை நிரப்புகிறார்கள். அடங்கிக் கிடந்த அம்மோனியத்தில் ஒரு பகுதி சில நிமிஷங்களுக்குள் கடும் விஷமாக மாறுகிறது. அன்றிரவே மீன்கள் மடிகின்றன. நல்ல நீர் மீனைக் கொன்றுவிட்டது என்று அவர்கள் திகைக்கிறார்கள். கொன்றது நல்ல நீருமன்று, பழைய நீருமன்று. இரண்டுக்கும் இடையே வளரவிட்ட தூரமே கொன்றது. நீரை முழுவதும் கொட்டி, கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பும் வழக்கம் இதனினும் கொடியது; அது நுண்ணுயிர்க் குடிகளை அடியோடு அழித்து, தொட்டியை மறுபடியும் முதல் நாளுக்கே கொண்டுபோய் விடுகிறது. பஞ்சைக் கழுவ வேண்டுமானால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து கழுவுவது போதும்.

இதற்கு மாற்று என்ன? வாரந்தோறும் கால் பங்கு நீரை எடுத்துவிட்டுக் கால் பங்கு புதுநீரை விடுவதே. மேலே சொன்ன தொட்டியில் வாரத்துக்கு 12 மில்லிகிராம் நைட்ரேட்டு கூடுகிறது. ஒவ்வொரு வாரமும் இருப்பதில் கால் பங்கு நீங்குகிறது. தொடக்கத்தில் கூடுவது மிகுதியாகவும் நீங்குவது குறைவாகவும் இருக்கும். அளவு ஏற ஏற, நீங்கும் கால் பங்கும் பெரிதாகிக்கொண்டே வந்து, 48 மில்லிகிராம் என்ற எல்லையை நெருங்கும்போது கூடுவதும் நீங்குவதும் சமமாகிவிடும். அதற்கு மேல் எத்தனை ஆண்டானாலும் அது ஏறாது. நிலைத்தன்மை என்பது இதுதான்: ஒன்றும் நிகழாத அசைவின்மையன்று, வரவும் செலவும் ஒன்றையொன்று பிடித்து நிற்கும் நிலை. அந்த எல்லை உயரமாகத் தோன்றினால், மாற்றும் நீரைக் கூட்டலாம், அல்லது தீனியைக் குறைக்கலாம், அல்லது வேகமாக வளரும் செடிகளை மிகுதியாக நடலாம். ஆனால் எதைச் செய்தாலும் ஒரே சீராகச் செய்ய வேண்டும்.

காரத்தன்மையைக் காப்பதற்குப் பழவேற்காட்டுக் கரையிலேயே ஒரு பொருள் இருக்கிறது. சுண்ணாம்பு சுடுவதற்காக அந்த ஏரியிலிருந்து எடுக்கப்பட்டுவந்த கிளிஞ்சல் ஏறக்குறைய முழுவதும் கால்சியம் கார்பனேட்டே. நன்கு கழுவிக் கொதிக்கவைத்த கிளிஞ்சல் ஓடுகளை ஒரு பையில் கட்டி வடிகட்டியின் நீரோட்டத்தில் வைத்தால், நீர் அமிலமாகும்போது அவை கரைந்து இருப்பை நிரப்புகின்றன. நீர் க்ஷாரமாக இருக்கும்போது ஏறக்குறையக் கரையாமல் நின்றுவிடுகின்றன. வேண்டிய அளவுக்கு மேல் கொடாத இந்த அடக்கம், ஒரேயடியாகப் பி.எச். அளவை ஏற்றிவிடும் புட்டி மருந்துகளுக்கு இல்லை. மோலி, பிளாட்டி, கப்பி, தங்கமீன் போன்ற கடினநீர் மீன்களுக்கே இது உகந்தது. அமேசான் காடுகளின் மென்னீரில் பிறந்த டெட்ரா போன்ற இனங்களுக்கு வேண்டியதில்லை.

தொட்டிக்கு எந்த நீரை வார்ப்பது என்பது இக்கரையில் எளிய கேள்வியன்று. ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில், குறிப்பாக மீஞ்சூரைச் சுற்றிய நிலத்தடி நீரில் கடல்நீர் ஊடுருவி வருவது அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டுவரும் விஷயம். கடலோரக் கிணற்று நீரில் உப்பும் கடினத்தன்மையும் மழைக்கு ஒன்றாகவும் கோடைக்கு ஒன்றாகவும் இருப்பது இயல்பு. ஆதலால் சென்ற மாதம் ஒத்துப்போன கிணறு இந்த மாதமும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடலாகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் பிராணவாயு குறைவாகவும் கரியமில வாயு மிகுதியாகவும் இருப்பதுண்டு. அதை ஒரு நாள் முழுவதும் வாளியில் காற்றூட்டி வைத்தால் வாயுக்கள் சமனாகி, பி.எச். தன் உண்மையான நிலைக்கு உயர்ந்து நிற்கும். அதன் பிறகே அளந்து பயன்படுத்த வேண்டும். குழாய் நீரில் கலக்கப்படும் குளோரின், கிருமிகளைக் கொல்வதுபோலவே தொட்டியின் நற்குடிகளையும் மீனின் செவுளையும் தாக்குவதால், ஒரு நாள் திறந்துவைத்துக் காற்றூட்டியோ, சோடியம் தயோசல்பேட்டு இட்டோ அதை நீக்க வேண்டும். வடிகட்டிய கேன் தண்ணீரே சுத்தமானது என்று எண்ணி அதை மட்டும் நிரப்புவோர் உண்டு. உப்புகளெல்லாம் நீக்கப்பட்ட அந்த நீரில் காரத்தன்மையின் இருப்பு மிகச் சொற்பம் ஆகையால், அதில் பி.எச். சரிவதற்கு ஒரு மாதம்கூட வேண்டியிராது. கடினமான கிணற்று நீரோடு அதைக் கலந்து, எப்போதும் ஒரே விகிதத்தில் பயன்படுத்துவதே விவேகம்.

ஏரியின் மீன்களையே தொட்டியில் வளர்க்க விரும்புவோர் உண்டு. கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் எட்ரோப்ளஸ் இன மீன் பழவேற்காட்டிலும் கிடைக்கிறது. அதன் சிறிய உறவாகிய ஆரஞ்சு குரோமைடு உலகமெங்கும் வண்ணமீனாக வளர்க்கப்படுகிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இவ்விரண்டும் உவர்நீரிலும் நன்னீரிலும் வாழ வல்லவை. நன்னீர் மீனின் இரத்தத்திலுள்ள உப்பு கடல்நீரிலுள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நன்னீரில் வெளிநீர் அதன் உடலுக்குள் ஓயாமல் ஊறுகிறது. அது மிகுநீரைச் சிறுநீராகக் கழித்து, செவுளால் உப்பைச் சேர்த்துக்கொள்கிறது. உவர்ப்பு மிகுந்த நீரிலோ இதற்கு நேர்மாறாக, நீரைப் பருகி உப்பை வெளியேற்ற வேண்டும். இரண்டுக்கும் வல்ல மீன், தன் செவுளின் உயிரணுக்களை ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்கு மாற்றி அமைத்துக்கொள்கிறது. அதற்குச் சில நாட்கள் ஆகின்றன. ஏரியில் மழைவெள்ளம் வந்தால் அந்த மீன் ஆழத்துக்கோ முகத்துவாரத்தின் பக்கமோ விலகிச் சென்று அந்த நாட்களைச் சம்பாதித்துக்கொள்ளும். தொட்டியில் விலகிச் செல்ல இடமில்லை. ஆகவே பிடித்த இடத்து நீரிலேயே வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக நன்னீர் சேர்த்துப் பழக்குவதே அதற்கு நாம் தரவேண்டிய அவகாசம்.

எத்தனை மீன், எவ்வளவு தீனி என்பதில்தான் மற்ற எல்லாமே அடங்கியிருக்கின்றன. பழவேற்காட்டு மீனவர்கள் பாடு என்ற தங்கள் பழைய ஏற்பாட்டின்படி, யார் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்று முறைவைத்து வகுத்துக்கொண்டது, ஏரி கொடுக்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு என்ற அறிவினால். தொட்டி தாங்கக்கூடியதற்கும் எல்லை உண்டு. 30 பாகை வெப்பத்தில் நன்னீர் ஏந்தக்கூடிய பிராணவாயு லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவே. இரவில் செடிகளும் பிராணவாயுவை வெளியிடாமல் உண்ண மட்டுமே செய்வதால், விடியற்காலையில் அது இன்னும் குறைகிறது, கரியமில வாயு மிகுந்து பி.எச். அளவும் தாழ்கிறது. மின்சாரம் நின்றால் நுண்ணுயிர்களும் மூச்சுத்திணறும். ஆதலால் சில நிமிஷங்களில் தின்று தீரும் அளவு தீனியும், தொட்டி தாங்கக்கூடியதற்குக் குறைவான மீன்களும், இரவிலும் நில்லாத காற்றோட்டமும், நேர்வெயில் படாத இடமும் எந்த மருந்தையும்விட மேலானவை. வாரம் ஒருமுறை பி.எச்., காரத்தன்மை, அம்மோனியா, நைட்ரைட்டு, நைட்ரேட்டு என்ற ஐந்தையும் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். ஒரு நாளின் எண் அவ்வளவாக ஒன்றும் சொல்லாது. பத்து வாரத்து எண்களை வரிசையாகப் பார்த்தால், ஆபத்து வருமுன்பே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி ஒன்று இருக்கிறது. சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் பணியாற்றி வருகிறது. ஏரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும், இத்தகைய நிறுவனங்களின் துணையோடு, நூறு லிட்டர்த் தொட்டி ஒன்றை வைத்து, அதன் நீரை மாணவர்களே அளந்து எழுதிவரச் செய்தல் அரிய காரியமன்று, செலவும் மிகுதியில்லை. வரவு என்ன, செலவு என்ன, இருப்பு எவ்வளவு என்று நூறு லிட்டர் நீரைக் கேட்டுப் பழகிய பிள்ளை, அதே கேள்விகளைத் தன் ஊர் ஏரியைப் பற்றியும் கேட்கத் தொடங்கும்: இதில் வந்து சேரும் கழிவு எது, வெளியேற வழி திறந்திருக்கிறதா, தாங்கும் சக்தி இன்னும் எத்தனை நாளைக்கு? அந்தக் கேள்விகளை எண்களோடு கேட்கக்கூடிய ஒரு தலைமுறை கரையூர்களில் வளருமானால், ஏரியைப் பற்றிய முடிவுகள் அவர்களைக் கேளாமல் எடுக்கப்படுவது கடினமாகிவிடும்.